ஐந்து குரல், ஒரு கையெழுத்து

நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் படிக்கட்டுக் கூடம் ஒரு விசேஷமான இடம். வழவழப்பான சுவர், இரும்புக் கைப்பிடி, தலைக்கு மேல் நாலைந்து மாடி உயரத்துக்கு வெறும் காற்று. அங்கே ஒருவர் தும்மினால் கோயில் பிராகாரத்தில் தும்மியது போல் கேட்கும். 1950களில் ஹார்லெம், பிராங்ஸ் பகுதிப் பையன்கள் பொழுது சாய்ந்தால் அந்தக் கூடத்தைத்தான் தேடிப் போனார்கள். யாராவது விரட்டிவிட்டால் தெருமுனை விளக்குக் கம்பத்தடி, சுரங்க ரயில் நிலையம், பகல் வேளையில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை. நாலைந்து பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவன் விரலைச் சொடுக்குவான். பாட்டு தொடங்கிவிடும். வாத்தியம் எதுவும் கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. எதிரொலிக்குத்தான் யாரும் காசு கேட்கவில்லை.

அந்தப் பாட்டுக்கு இன்று 'டூ-வாப்' என்று பெயர். பாடிய காலத்தில் பாடியவர்களுக்கே இந்தப் பெயர் தெரியாது. அவர்களைக் கேட்டால் 'குரூப் ஹார்மனி' என்றிருப்பார்கள். 1961 வாக்கில்தான் 'டூ-வாப்' என்ற சொல் அச்சில் தலைகாட்டியது. ஊரறிந்தது அதற்கும் பிறகு. பெயர் நிலைப்பதற்குள் அந்த இசையின் பொற்காலம் முடிந்துவிட்டது.

ஹார்மனி என்பது என்ன? நம் பஜனையில் இருபது பேர் பாடினாலும் இருபது பேரும் ஒரே ஸ்வரத்தில்தான் நிற்பார்கள். ஒருவர் நழுவினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இங்கே வேண்டுமென்றே ஆளுக்கொரு ஸ்வரம். ஒருவன் ஸட்ஜத்தில் நின்றால் இன்னொருவன் காந்தாரத்தில், மூன்றாமவன் பஞ்சமத்தில். மூன்றும் ஒரே நொடியில் ஒலிக்கும்போது நாலாவதாக ஏதோ ஒன்று கேட்பது போல் இருக்கும். அடுத்த அடிக்குப் போகும்போது மூவரும் தத்தம் இடத்தை விட்டு ஒரே சமயத்தில் அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டும். ஒருவன் கால் வழுக்கினாலும் மொத்தமும் சரியும். இதை இசைப்பள்ளி வாசலை மிதிக்காத பதினைந்து வயதுப் பையன்கள், ஒருவர் வாயை மற்றவர் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. முன்பாட்டுக்காரன் சொல்லைப் பாடுவான். ஒருவன் கள்ளக் குரலில் எல்லோருக்கும் மேலே மிதப்பான். நடுவில் இரண்டு குரல் இழையும். அடியில் 'பேஸ்' பாடுகிறவன், பெரும்பாலும் அப்போதுதான் குரல் உடைந்தவன், வயிற்றிலிருந்து தாளம் போடுவான். வாத்தியம் இல்லையே, அந்த வேலையை வாய்தான் செய்ய வேண்டும்! அர்த்தமற்ற அசைகள் வந்து சேர்ந்தது அப்படித்தான். பேஸ்காரன் உருட்டும் அசை டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்குப் பதில்; பின்பாட்டுக்காரர்களின் 'டூ'வும் 'வா'வும் ஊதுகருவிகளுக்குப் பதில். தெம்மாங்கின் தன்னன்னா கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் வேடிக்கையாகப் படாது.

இவர்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். ஓஹையோ மாநிலத்துப் பிக்வா ஊரைச் சேர்ந்த மில்ஸ் பிரதர்ஸ், 1930களிலேயே டிரம்பெட்டையும் டூபாவையும் வாயால் வாசித்துக் காட்டினார்கள். ஒரு போட்டிக்குப் போன இடத்தில் கசூ என்ற ஊதுகருவியைக் காணோம். சகோதரர்களில் ஒருவர் கையைக் குவித்து வாயால் டிரம்பெட் ஊதிச் சமாளித்தார். அதுவே பிழைப்பாகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. அடுத்து இங்க் ஸ்பாட்ஸ். 1939இல் வந்த அவர்களுடைய 'இஃப் ஐ டிட்ன்ட் கேர்' பாட்டில் பில் கென்னி உச்சத்தில் பாடுவார். நடுவில் ஹாப்பி ஜோன்ஸ் அதே வரிகளை ஆழ்ந்த குரலில் பாடாமல் பேசுவார். மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், இடையில் காதல். பிறகு வந்த குழுக்கள் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவைதான்.

போர் முடிந்து 1946இல் ஹார்லெமில் ரேவன்ஸ் குழு தொடங்கியது. அண்டங்காக்கை என்று பொருள். இரண்டு வருடத்தில் பால்டிமோரிலிருந்து, தங்கள் மாநிலப் பறவையின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஓரியோல்ஸ் வந்தார்கள். துணிக்கடையில் வேலை பார்த்த டெபோரா செஸ்லர் என்ற யூத இளம்பெண் எழுதிய 'இட்ஸ் டூ சூன் டு நோ' 1948இல் அவர்களை நாடறியச் செய்தது. எழுதியதோடு நில்லாமல் குழுவின் மேலாளராகவும் அவர் ஆனார். அதன்பின் ஒரே பறவைக் கூட்டம்: பெங்குயின்ஸ், ஃபிளமிங்கோஸ், ஸ்வாலோஸ், குரோஸ், கார்டினல்ஸ். பறவை தீர்ந்ததும் காருக்குப் போனார்கள்: கேடிலாக்ஸ், எல் டொராடோஸ், இம்பாலாஸ். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத பையன்கள் கேடிலாக் என்று பெயர் வைத்துக்கொண்டதை விளம்பர மோகம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க மனம் வரவில்லை.

பெண்களும் இருந்தார்கள், எண்ணிக்கையில் குறைவாக. பிராங்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பாடகர் குழுவில் லத்தீன் துதிப்பாடல் பாடிப் பழகிய ஐந்து சிறுமிகள் 'சாண்டெல்ஸ்' ஆனார்கள். 1957 கடைசியில் வந்த 'மேபி' பாட்டில் ஆர்லீன் ஸ்மித்தின் குரலைக் கேட்டால், வழிபாட்டிலிருந்து காதலுக்கு வர ஒரு மூச்சு போதும் போலிருக்கிறது.

சரி, இந்தப் பையன்கள் எப்படி இசைத்தட்டுக்கு வந்தார்கள்? பெரிய கம்பெனிகளுக்குக் கறுப்பினப் பதின்வயதினர் மேல் அக்கறை கிடையாது. கறுப்பினத்தவர் இசைக்கான தரவரிசைப் பட்டியலை 'இனத்தட்டுகள்' என்ற பெயரில்தான் பில்போர்டு பத்திரிகை 1949 வரை வெளியிட்டுவந்தது. அந்த இடைவெளியில் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு முதலாளி. படிக்கட்டில் பாடுகிறவர்களைப் பிடித்து, ஒரே மாலையில் இரண்டு பாட்டு பதிவு செய்து, 45 சுற்றுத் தட்டாகப் போட்டு, வானொலிக்காரர் கையில் ஏதாவது திணித்து ஓடவைப்பார்கள். ஓடினால் அடுத்தது, ஓடாவிட்டால் அடுத்த குழு. வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டு வெற்றி கண்ட குழுக்கள் இந்த இசையில் இத்தனை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1954இல் பிராங்ஸைச் சேர்ந்த கார்ட்ஸ் குழு ஒரு தட்டு போட்டது. முகப்பில் இன்னொருவர் பாடிப் பிரபலமாக்கிய பாட்டு. பின்பக்கத்தில், சும்மா கிடக்கட்டும் என்று, தாங்களே எழுதிய 'ஷ்-பூம்'. ஊர் பின்பக்கத்தைத்தான் கேட்டது. வெள்ளையர் பட்டியலிலும் பாட்டு ஏறத் தொடங்கியபோது, டொராண்டோவைச் சேர்ந்த வெள்ளையர் குழுவான குரூ-கட்ஸ் அதை மறுபடி பாடி வெளியிட்டது. முதலிடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தது அந்த மறுபதிப்பு. கறுப்பினத்தவர் பாடிய தட்டை ஒலிபரப்பாத நிலையங்கள் அதே பாட்டை வெள்ளைக் குரலில் தாராளமாக ஒலிபரப்பின. இது ஒருமுறை நடந்த விபத்து அல்ல. மூன்குளோஸ் குழுவின் 'சின்சியர்லி' பாட்டை 1955இல் மக்கைர் சகோதரிகள் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாட்டின் அசல் தட்டிலேயே ஒரு வேடிக்கை: எழுதியவர்கள் வரிசையில் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் பெயரும் இருந்தது. பெயர் போட்டால் தட்டு ஒலிபரப்பாகும். ஒலிபரப்பானால் பங்கு வரும்.

லாஸ் ஏஞ்சலிஸில் பெங்குயின்ஸ் கதை இன்னும் சோகம். கூல் சிகரெட் விளம்பரத்தில் வந்த பென்குயின் பொம்மையைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்ட பையன்கள். ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் பதிவான 'எர்த் ஏஞ்சல்', 1954 முடிவதற்குள் நாடெங்கும் ஒலித்தது. மேலாளராக வந்த பக் ராம் கையில் இன்னொரு குழுவும் இருந்தது, அதுவரை பெரிதாக ஒன்றும் சாதிக்காத பிளாட்டர்ஸ். மெர்க்குரி என்ற பெரிய கம்பெனி பெங்குயின்ஸைக் கேட்டபோது, இரண்டு குழுவையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றார் அவர். எடுத்தார்கள். பெங்குயின்ஸ் அங்கே ஒரு வெற்றியும் காணவில்லை. கொசுறாக வந்த பிளாட்டர்ஸ் 'ஒன்லி யூ'வில் தொடங்கி, 'தி கிரேட் பிரிடெண்டர்', 'மை பிரேயர்', 'ட்விலைட் டைம்' என்று உலகம் சுற்றியது.

ஆனால் யார் குரல், யார் கையெழுத்து என்ற கேள்வியை முழுதாகப் பார்க்க ஹார்லெமுக்கே திரும்ப வேண்டும்.

ஸ்டிட் நடுநிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்த பையன்கள். ஹெர்மன் சாண்டியாகோவும் ஜோ நெக்ரோனியும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. ஜிம்மி மெர்ச்சண்டும் ஷெர்மன் கார்ன்ஸும் கறுப்பினத்தவர்; நெடிய கார்ன்ஸுக்குக் கிணற்றுக் குரல். கடைசியாக வந்து சேர்ந்த சின்னப்பையன் ஃபிராங்கி லைமன். அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் தமக்குக் காதலி எழுதிய கடிதங்களை, பாட்டுக்கு ஆகும் என்று இவர்களிடம் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதில் பறவைகள் ஏன் பாடுகின்றன என்ற கேள்வி இருந்தது. அங்கிருந்து ஒரு பாட்டு கிளைத்தது. வாலண்டைன்ஸ் குழுவின் ரிச்சர்ட் பாரட் இவர்கள் பாடுவதைக் கேட்டு, இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி ஜார்ஜ் கோல்ட்னரிடம் அழைத்துப் போனார். முன்பாட்டு சாண்டியாகோவுக்கு உரியதாக இருந்தது. ஆனால் ஒலிப்பதிவில் அந்த இடத்தில் நின்றவன் லைமன். சாண்டியாகோவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது என்பார் ஒருவர்; கோல்ட்னர்தான் பையனைத் தேர்ந்தெடுத்தார் என்பார் இன்னொருவர்.

'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' 1956 ஜனவரியில் வெளியானது. முதலில் கார்ன்ஸின் அடிக்குரல் கதவைத் தட்டும்; அடுத்த நொடி பதின்மூன்று வயதுப் பையனின் குரல் ஜன்னல் வழியாகப் பறந்து வரும். காதலில் அடிபட்ட வயது வந்தவரின் வலியைக் குழந்தைக் குரல் பாடுகிறது. அந்தப் பொருத்தமின்மைதான் பாட்டின் மொத்தக் கவர்ச்சியும். அமெரிக்காவில் ஆறாம் இடம், பிரிட்டனில் முதலிடம். 'ஃபிராங்கி லைமனும் டீனேஜர்ஸும்' என்று பெயர் மாறியது. முன்பு அது வெறும் டீனேஜர்ஸ்தான்.

அடுத்த வருடமே லைமனைக் குழுவிலிருந்து பிரித்துத் தனியாகப் பாடவைத்தார்கள். 1957இல் ஆலன் ஃபிரீடின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லைமன் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியோடு ஆடியது தெற்கத்தி நிலையங்களைக் கொதிக்கவைத்தது. நிகழ்ச்சி விரைவில் நின்றுபோனது. இன்னொரு எதிரி உடம்புக்குள்ளேயே இருந்தது: குரல் உடைந்தது. பதின்மூன்று வயதுக் குரலை விற்றவனிடம் பதினாறு வயதில் விற்க ஒன்றும் இல்லை. ஹெராயின் பழக்கம் ஏற்கனவே தொற்றியிருந்தது. 1968 பிப்ரவரி 27 அன்று, ஹார்லெமில் பாட்டி வீட்டுக் குளியலறையில் அவர் இறந்து கிடந்தார். வயது 25.

பாட்டு மட்டும் சாகவில்லை. 1981இல் பாடகி டயானா ராஸ் அதை மறுபடி பாடி வெற்றி பெறச் செய்தபோது பணம் வரத் தொடங்கியது. பணம் வந்ததும் மனைவிமார் வந்தார்கள், மூன்று பேர்! ஒருவர் பிளாட்டர்ஸ் குழுவின் ஒரே பெண் குரலான ஸோலா டெய்லர். மற்றவர்கள் எலிசபெத் வாட்டர்ஸ், எமைரா ஈகிள். மேல்முறையீட்டில் வென்றவர் ஜார்ஜியாவில் ஆசிரியையாக இருந்த எமைரா. இந்தக் கூத்தை வைத்து 1998இல் ஹாலிவுட் ஒரு படமே எடுத்தது.

படத்துக்கு அவ்வளவாக உதவாத வழக்கு வேறொன்று. பாட்டை எழுதியவர்களாகப் பதிவில் இருந்த பெயர்கள் இரண்டு: ஃபிராங்கி லைமன், மாரிஸ் லெவி. தொடக்கத்தில் லைமனோடு இருந்தது கோல்ட்னரின் பெயர். குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்ட கோல்ட்னர் தன் கம்பெனிகளை லெவியிடம் விற்றார். பாட்டு எழுதியவர் என்ற பட்டமும் சரக்கோடு சரக்காகக் கைமாறியது. லெவி இசைத்தொழிலில் எல்லோரும் அஞ்சிய புள்ளி. மிரட்டிப் பணம் பறிக்கும் சதியில் 1988இல் தண்டனை பெற்று, சிறைக்குப் போகுமுன் 1990இல் இறந்தவர்.

சாண்டியாகோவும் மெர்ச்சண்டும் 1987இல் வழக்குப் போட்டார்கள். கார்ன்ஸும் நெக்ரோனியும் 1970களின் கடைசியிலேயே காலமாகியிருந்தார்கள். 'பாட்டை நாங்கள்தான் எழுதினோம், மிரட்டலுக்குப் பயந்து இத்தனை நாள் வாய் திறக்கவில்லை' என்பது இருவரின் வாதம். 1992இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி அவர்களை ஏற்றது: இவர்களும் பாட்டின் ஆசிரியர்களே. முப்பத்தாறு வருடம் கழித்து! ஆனால் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. பாட்டை எழுதியது யார் என்பதற்குள் அது போகவில்லை. இப்படிப்பட்ட உரிமையை மூன்று வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்பதுதான் தீர்ப்பு. பதின்வயதில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாதது அவர்கள் குற்றம் போலும்.

இதற்கிடையில் இசையின் போக்கே மாறியிருந்தது. 1950களின் கடைசியில் பிராங்ஸின் இத்தாலியத் தெருக்களும் இந்தப் பாட்டைச் சுவீகரித்துக்கொண்டன. பெல்மாண்ட் அவென்யூவின் பெயரைக் கொண்ட டயானும் பெல்மாண்ட்ஸும் அவர்களில் முக்கியமானவர்கள். ஃபிளமிங்கோஸ் 1934ஆம் வருடத்துப் பழம்பாட்டு ஒன்றை 1959இல் எதிரொலியில் முக்கியெடுத்துக் கனவு போல் ஆக்கினார்கள். 'ஐ ஒன்லி ஹாவ் ஐஸ் ஃபார் யூ' இரவில் தனியாகக் கேட்க வேண்டிய பாட்டு. 1961இல் பிட்ஸ்பர்க்கின் மார்செல்ஸ் இன்னொரு 1934 பாட்டான 'புளூ மூன்'-ஐ எடுத்து, பேஸ்காரனை முன்னால் நிறுத்தித் தலைகீழாக்கி, முதலிடத்தைப் பிடித்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு விசித்திரமும் நடந்தது. டைம்ஸ் சதுக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்தில் இர்விங் ரோஸ் என்பவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். ஒல்லி என்று பொருள்படும் 'ஸ்லிம்' என்பது அவருடைய பட்டப்பெயர். நாலைந்து வருடமே ஆன பழைய தட்டுகளுக்கு அவர் நல்ல விலை கொடுத்து வாங்க, நகரத்துப் பையன்கள் பரண்களைக் குடைந்தார்கள். அப்படித் தோண்டியெடுத்த ஒன்று காப்ரிஸ் குழுவின் 'தேர்ஸ் எ மூன் அவுட் டுநைட்'. 1958இல் வந்து படுத்துப்போன தட்டு, 1961இல் நாட்டில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. குழு எப்போதோ கலைந்துவிட்டிருந்தது. ஆட்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள்.

1964இல் பீட்டில்ஸ் வந்து இறங்கியதும் விளக்குக் கம்பத்தடி காலியானது. இனிப் பையன்களுக்குக் கிட்டார் வேண்டும். ஆனால் 1957 ஜூலை 6 அன்று லிவர்பூல் தேவாலய விழா ஒன்றில் பின்னாளில் பீட்டில்ஸ் ஆன இருவரில் பால் மக்கார்ட்னி முதன்முதலாக ஜான் லெனனைப் பார்த்தபோது, லெனன் பாடிக்கொண்டிருந்தது 'கம் கோ வித் மி'. பிட்ஸ்பர்க் விமானப்படைத் தளத்து வீரர்கள் சேர்ந்து அமைத்த டெல்-வைக்கிங்ஸ் குழுவின் பாட்டு அது. வரிகள் சரியாகத் தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் பாடினார் லெனன். டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனியும் இந்த வீட்டுப் பிள்ளைதான். மூன்குளோஸின் ஹார்வி ஃபுக்வா அங்கே போய்ச் சேர்ந்தார். அவருடைய குழுவில் கடைசி நாட்களில் பின்பாட்டுப் பாடிய இளைஞன் மார்வின் கே. கேடிலாக்ஸுக்கு அடவு சொல்லிக்கொடுத்த சோலி அட்கின்ஸ்தான் பிறகு மோட்டவுன் நட்சத்திரங்களை ஒரே சீராகத் திரும்பவும் சுழலவும் வைத்தார்.

பழைய பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்தபோது போலிகளும் வந்தார்கள். ஒரே இரவில் நாட்டின் பல மேடைகளில் 'பிளாட்டர்ஸ்' பாடுவார்கள். அசல் பாட்டு பதிவானபோது பிறந்தேயிராத பிளாட்டர்ஸ்! 2005இல் பென்சில்வேனியாவில் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் போட்டன. அசல் தட்டில் பாடிய ஒருவராவது மேடையில் இருக்க வேண்டும், அல்லது பெயர் உரிமை இருக்க வேண்டும். இல்லையென்றால் 'இது அஞ்சலி நிகழ்ச்சி' என்று சொல்லிவிட்டுப் பாட வேண்டும்.

கடைசியாக ஒரு கதை. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் ஃபிரெட் பாரிஸ் என்ற இளைஞர் இருந்தார். ராணுவத்தில் சேர்ந்து பிலடெல்பியாவில் இரவுக் காவலில் நின்றபோது ஒரு பாட்டு எழுதினார். ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணம் இல்லை. சாக்ஸபோன்காரர் வின்னி மட்ஸெட்டா தம்முடைய புனித பெர்னதெத் ஆலயத்தின் அடித்தளத்தைக் கேட்டு வாங்கினார். 1956இல் அங்கே பதிவானது ஃபைவ் சாட்டின்ஸின் 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்'. அதுவும் முதலில் ஒரு தட்டின் பின்பக்கம்தான். பாட்டு நாடெங்கும் ஒலித்தபோது அதைப் பாடிய பாரிஸ் ஜப்பானில் ராணுவப் பணியில் இருந்தார். குழு வேறொருவரை முன்னால் நிறுத்திப் பாடியது. பாரிஸ் திரும்பி வந்து குழுவை மறுபடி கட்டினார். அதே தட்டு 1960இல் ஒருமுறையும், 1961இல் இன்னொருமுறையும் பட்டியலில் ஏறியது. பாரிஸ் 2022 ஜனவரியில் காலமானார். கோல் போர்ட்டர் எழுதிய பழைய பாட்டுக்கும் இதே பெயர் என்பதால், குழப்பம் வராமலிருக்க 'நைட்' என்ற சொல்லை எழுத்து மாற்றி அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தட்டில், எழுதியவர் என்ற இடத்தில் இருப்பது பாரிஸ் என்ற ஒரே பெயர்.